நாற்காலி நகரும் சத்தம்

அத்தியாயம் 11

காலை ஆறரை மணிக்குள் ஊசி அந்தச் செய்தியை நான்கு முறை படித்துவிட்டாள். நேற்று மாலை வந்தது. ஜப்பானிய மொழியில் ஆறு வரி. அகராதி தேவைப்படாத எளிய வரிகள்.

"நீங்கள் போட்டிருக்கும் பாட்டு முடிந்ததும், ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் அதற்குப் பிறகு உள்ளதை இணையத்தில் போட வேண்டாம். எனக்கு மட்டும் அனுப்புங்கள். என் ஆறு வயதில் எங்கள் வண்டியை விற்றோம். அது கப்பல் ஏறிய பிறகுதான் பாட்டு இருந்த சிடி வட்டு உள்ளேயே இருப்பது தெரிந்தது. அப்பா கேட்டு எழுதினார், வண்டியில் எதுவும் இல்லை என்று பதில் வந்தது."

ஊசி என்பது வீட்டில் வைத்த பெயர். ஒல்லி என்பதால் மட்டும் இல்லை. பக்கத்து அறையில் ஊசி விழுந்தாலும் இவளுக்குக் கேட்கும் என்று அப்பா சொல்வார். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இரண்டு வருடம் முன்பு, வீட்டில் இருந்த ஒரு கேசட்டில் இருந்து அந்தப் பாட்டை எடுத்து, 'இதைப் பாடியது யார்?' என்று இணையத்தில் கேட்டிருந்தாள். பார்த்திராத நாடுகளில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து கேட்டார்கள். அழுததாக எழுதினார்கள். தங்களுக்குள் சண்டை போட்டார்கள். பாடியது யார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

நேற்று வரை.

அவள் கேசட்டைப் பின்னால் ஓட்டி, பாட்டின் கடைசி வரியில் இருந்து கேட்டாள். குரல் நின்றது. கீபோர்டின் கடைசி ஒலி தேய்ந்தது. பிறகு 'டக்'. அப்பா பதிவை நிறுத்திய சத்தம் என்று சிறு வயதில் இருந்தே தெரியும்.

மறுபடி கேட்டாள். இந்த முறை ஹெட்ஃபோனில்.

அந்த 'டக்'குக்கு முன்னால் அரை நொடி. மரம் தரையில் உரசத் தொடங்கும் சத்தம்.

"வேலைக்குப் போறியா, இல்ல அந்தப் பெட்டியையே கட்டிக்கப் போறியா?" அம்மா வாசலில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"லீவு போட்டிருக்கேன்மா."

"எதுக்கு?"

"அப்பாவப் பாக்கணும்."

"தினம் ராத்திரி எதிர்ல உக்காந்து சாப்பிடற மனுஷன். அந்த முகத்த லீவு போட்டுப் போய்ப் பாக்கணுமா?" அம்மா சிரித்தாள். செருப்பு கிடைத்துவிட்டது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவளுக்கு. படியிறங்கும்போதே முணுமுணுக்கத் தொடங்கினாள். அதே பாட்டு. இருபத்தைந்து வருடமாக அதே பாட்டு.

*

ஊசிக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து, ஒன்பது நாள் இருந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மா அதற்குப் பிறகு இரண்டு மாதம் யாரிடமும் பேசவில்லை, தூங்கவும் இல்லை என்று பெரியம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அப்போதுதான் அப்பா அந்தக் கேசட்டைக் கொண்டுவந்தார். மொழி தெரியாத ஒரு பெண்ணின் குரல். அவசரம் இல்லாத குரல். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டாள். மூன்றாம் முறை ஓடும்போது தூங்கிவிட்டாள்.

அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் ஊசியும் வளர்ந்தாள்.

பழைய ஜப்பான் வண்டிகளை இறக்கி விற்கும் யார்டில் அப்பாவுக்கு வேலை. அந்த வண்டிகளின் ரேடியோ இங்கே உள்ள ஸ்டேஷன்களைப் பிடிக்காது. அதைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுவார். கழற்றும்போது உள்ளே மறந்துபோன வட்டுகள் இருக்கும். யார்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் எது கிடைத்தாலும் ஆபீஸில் உள்ள மரப்பெட்டியில் போட வேண்டும். குடை, கையுறை, பொம்மை, எதுவானாலும். ஆறு மாதம் யாரும் கேட்கவில்லை என்றால் கண்டெடுத்தவனுக்கு.

அப்படித்தான் வட்டுகள் வீட்டுக்கு வந்தன. குரலை நடுங்க விட்டுப் பாடும் கிழவர்கள். பள்ளிப் பிள்ளைகளின் கோரஸ். கார்ட்டூன்களுக்கான வேகப் பாட்டுகள். கடற்கரைச் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவதற்கென்றே போட்டது போன்ற பாட்டுகள். எந்த வண்டியில் எது இருந்தது என்று அப்பா சொல்வார். பாட்டை வைத்து அந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று ஊசி சொல்வாள். "சின்ன லாரிக்காரன், தனியா இருக்கான், கல்யாணம் ஆகல." அம்மா இடையில் புகுவாள். "ஆயிருக்கு. அதான் லாரியில தனியா இருக்கான்."

உறையில் இருந்த வரிகளைப் பார்த்து ஊசி ஜப்பானிய எழுத்து கற்றாள். பிறகு அந்த மொழிக்கான பரீட்சை எழுதினாள். பதினாறு வயதில் ஒருநாள் கேசட் பாட்டு முழுவதும் புரிந்துவிட்டது. மழை வருகிறது, கொடியில் இருக்கும் துணியை எடு, முதலில் குட்டிக் காலுறைகளை எடு, அவைதான் சீக்கிரம் நனையும். அவ்வளவுதான் பாட்டு.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "துணி எடுக்கற பாட்டுக்காடி நான் இத்தன வருஷம் அழுதேன்?"

அன்றைக்கு அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

*

யார்டுக்குப் போகும் பஸ்ஸில் டிரைவர் விசிலடித்தார். அதே பாட்டு. அப்பாவின் கைபட்டுப் போன ஒவ்வொரு வண்டியிலும் ஸ்பீக்கரைச் சோதிக்க அவர் போடுவது அந்தப் பாட்டு இருக்கும் ஒரே வட்டைத்தான். இடது ஸ்பீக்கர், வலது ஸ்பீக்கர், இரண்டும். ஒன்றரை நிமிடம். பிறகு நிறுத்திவிடுவார். ஊரில் பாதி டிரைவர்களுக்கு அந்த ஒன்றரை நிமிடம் மனப்பாடம். இந்த டிரைவரின் விசிலும் சரியாக அதே இடத்தில் நின்றது.

யார்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. பெயிண்டர் மாமா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார்.

"என்ன ஊசி, அப்பனுக்கு மருந்தா, மண்டகப்படியா?"

"ரெண்டும் இல்ல மாமா. சும்மா."

"சும்மா வர்ற மூஞ்சியா இது. அந்தா, நீல வேனுக்குள்ள காலு மட்டும் தெரியுது பாரு, அதான் உங்கப்பா."

அப்பா டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வாயில் ஒரு ஸ்க்ரூ.

"அப்பா, அந்த டெஸ்ட் வட்டு எங்க?"

ஸ்க்ரூவை எடுத்தார். "எதுக்கு?"

"பாக்கணும்."

"அதுல என்ன இருக்கு பாக்க. ஒரே பாட்டுதான்."

"தெரியும். குடுங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். வேலைச் சட்டையின் பையில் இருந்து எடுத்தார். அது எப்போதும் அங்கேதான் இருக்கும். வேலைச் சட்டை யார்டிலேயே கிடக்கும், வட்டும் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. கடையில் வாங்கிய பாட்டு வட்டு இல்லை, யாரோ தங்கள் வீட்டில் பதிவு செய்தது. மேலே பேனாவால் எழுதியது, அப்பாவின் விரல்பட்டு என்றைக்கோ அழிந்துவிட்டது.

ஊசி அதைத் திருப்பி வெயிலில் பிடித்தாள்.

இந்த வகை வட்டில் பதிவு நடுவில் இருந்து வெளிப்பக்கமாகப் போகும். பதிந்த இடம் ஒரு நிறம், பதியாத இடம் ஒரு நிறம். நான்கு நிமிடப் பாட்டு என்றால் நடுத்துளையைச் சுற்றி ஒரு தீக்குச்சி கனத்துக்கு வளையம் தெரிய வேண்டும்.

இங்கே ஒரு விரல் அகலம் இருந்தது.

"இது அரை மணி நேரம்ப்பா."

அவர் ஸ்க்ரூவைத் துணியில் துடைத்தார்.

"பாட்டு முடிஞ்சதும் நாற்காலி நகருது. அதுக்கப்புறம் என்ன?"

"உனக்கு யாரு சொன்னது?"

அவள் செய்தியைத் தமிழில் படித்துக் காட்டினாள். கடைசி வரி வந்தபோது குரல் தாழ்ந்துவிட்டது. வண்டியில் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. ஆபீஸில் வேறு யாரோ கவனிக்காமல் எழுதியிருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்னும் நினைத்தாள்.

"வெள்ளை வேன்," என்றார் அப்பா. "பின்கண்ணாடியில குட்டிக் குட்டியா ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. யானை, கப்பல். நான்தான் சுரண்டி எடுத்தேன்."

"அப்பா."

"ஃபேக்ஸ் வந்துச்சு. மொதலாளி கூப்ட்டுக் கேட்டாரு. அந்த வேன்ல வட்டு ஏதாச்சும் இருந்துச்சான்னு. இல்லன்னு சொன்னேன்."

"அப்ப வட்டு எங்க இருந்துச்சு?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

தூரத்தில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்ப முயன்றார்கள். அது கிளம்பவில்லை.

"பூரா கேட்டீங்களா?"

"ஒரு தடவ. கெடச்ச அன்னிக்கே. அந்த வேன்லயே உக்காந்து."

"என்ன பேசினாங்கன்னு புரிஞ்சுதா?"

"ஒரு வார்த்த புரியல. நடுநடுவுல மூச்சு வாங்குனது புரிஞ்சுது. ஒரு பேர திரும்பத் திரும்பக் கூப்ட்டது புரிஞ்சுது." ஸ்க்ரூவைக் கையில் உருட்டினார். "பெட்டியில போடத்தான் நெனச்சேன் கண்ணு. வீட்ல உங்கம்மா செவுத்தப் பாத்துக் கெடக்கறா. பாட்ட மட்டும் கேசட்ல புடிச்சுட்டுப் போனேன். அவ தூங்கிட்டா. ஃபேக்ஸ் வந்தது நாலு நாள் கழிச்சு. குடுத்துட்டா, இந்தத் தூக்கமும் போயிடும்னு எனக்கு ஒரு பயம். கேசட்தான் கையில இருக்கேன்னு இப்ப தோணுது. அப்பத் தோணல."

"அதுக்கப்புறம்? இருபத்தஞ்சு வருஷம் இருந்துச்சே."

"அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் குடுக்க?" அவர் அவளைப் பார்க்கவில்லை. "என்ன பேசறாங்கன்னு தெரிஞ்சுட்டா குடுத்துத்தான் ஆகணும். தெரியாத வரைக்கும் அது பாட்டு. நீ நோட்டுல அந்த எழுத்த எழுதிப் பழகும்போதெல்லாம் நான் எந்திரிச்சு வாசலுக்குப் போயிடுவேன்."

பரீட்சைத் தேதியை அவர் இரண்டு முறை மறந்துபோனது ஊசிக்கு நினைவு வந்தது. வட்டைக் கைக்குட்டையில் சுற்றினாள்.

"அனுப்பிடலாம்," என்றார் அப்பா. "நானே பார்சல் பண்றேன். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம். அவளுக்குன்னு இருக்கறது அந்த ஒரு பாட்டு."

ஊசி அந்தப் பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்தாள்.

*

அனுப்புவதற்கு முன் இது அந்த வட்டுதானா என்று உறுதி செய்ய வேண்டும் என்றாள் ஊசி. வீட்டில் இருந்த வட்டு போடும் கருவி கெட்டுப்போய் வருடக்கணக்காகிறது. யார்டில் ஆள் நடமாட்டம். மறுநாள் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய நீல வேனை அப்பா ஓட்டிவந்தார். மாலை ஐந்தரை இருக்கும். தெருமுனையில், தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வட்டை உள்ளே தள்ளினார்.

பாட்டு தொடங்கியது. கேசட்டில் கேட்டதைவிடச் சுத்தமாக இருந்தது. பாடுபவள் வரிக்கு முன் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. இருபத்து மூன்று வருடம் கேட்ட பாட்டில் இந்த மூச்சு இருந்தது ஊசிக்குத் தெரியாது.

ஒன்றரை நிமிடத்தில் அப்பாவின் விரல் தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. பாதியில் நின்றது.

அப்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

அம்மா. கைப்பை தோளில், லென்ஸ் தூள் படிந்த மேலங்கி கையில். வேலை முடிந்து நடந்து வந்திருக்கிறாள்.

"வீடு எங்க இருக்குன்னு மறந்துபோச்சா ரெண்டு பேருக்கும்?" பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "தெருவுல நடந்து வரேன், என் பாட்டு கேக்குது. எவன்டா இதுன்னு பாத்தா என் வீட்டுக்காரர். அணைக்காதீங்க, முடியட்டும்."

அப்பா ஊசியைப் பார்த்தார். ஊசி முன்கண்ணாடியைப் பார்த்தாள்.

அம்மா கூடவே முணுமுணுத்தாள். குட்டிக் காலுறைகள். கடைசி வரி. கீபோர்டின் ஒலி தேய்ந்தது. அப்பாவின் விரல் பொத்தான் மேல் இருந்தது. அவர் அழுத்தியிருக்கலாம். அழுத்தவில்லை.

நாற்காலி நகர்ந்தது.

பிறகு அதே பெண் பேசினாள். பாடும் குரலைவிடக் கீழே, கொஞ்சம் கரகரப்பாக. ஒரு பேர். மறுபடி அதே பேர்.

"யாரு இது?" என்றாள் அம்மா. "ஊசி, என்ன சொல்றாங்க?"

ஊசி பின்னால் திரும்பாமலே சொன்னாள், ஒவ்வொரு வரியாக.

"நாளைக்கு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ ஸ்கூலுக்குப் போற வழியில இத கேட்டுட்டுப் போ. அப்பா வழிய மறந்துட்டா நீ சொல்லணும். இப்ப சோப்புக் கம்பெனி வந்திருக்கும். மூக்க மூடிக்கோ." நிறுத்தினாள். குரல் மூச்சு வாங்கும் வரை காத்திருந்தாள். "இப்ப பாலம் வரும். பாலத்துல ஏறினதும் அம்மா பத்து வரைக்கும் எண்ணுவேன். நீயும் கூட எண்ணு."

அந்தப் பெண் எண்ணத் தொடங்கினாள். வேன் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது.

"நிறுத்துங்க," என்றாள் அம்மா.

அப்பா நிறுத்தினார்.

"இது நமக்குச் சொன்னது இல்ல." முன்னால் சாய்ந்து கேட்டாள். "அந்தப் பிள்ள இத எப்பக் கேட்டுச்சு கடைசியா?"

"ஆறு வயசுல," என்றாள் ஊசி. "நேத்துதான் எனக்குச் செய்தி அனுப்பியிருக்கார்."

"யாரும் தேடலையா?"

ஊசி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பதில் அவளுடையது இல்லை. வேனுக்குள் புழுக்கமாக இருந்தது. கண்ணாடியை யாரும் இறக்கவில்லை.

"தேடினாங்க," என்றார் அப்பா. ஃபேக்ஸ் வந்ததைச் சொன்னார். சட்டைப் பையைச் சொன்னார். ஸ்டிக்கர் சுரண்டியதையும் விடவில்லை. "நீ அப்ப இருந்த நெலைமைக்கு, உனக்காகத்தான்..."

"எனக்காகன்னு சொல்லாதீங்க." குரல் உயரவில்லை. "ஒரு பிள்ளையோட அம்மாவப் புடிச்சு வச்சுக்கிட்டு நான் தூங்கியிருக்கேன். இதுல எனக்காக என்ன இருக்கு?"

மேலங்கியை மடியில் மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"உன் ஃபோன எடு. அந்தப் பையனுக்கு எழுது."

"என்னம்மா எழுத? வட்டு கிடைச்சுடுச்சுன்னா?"

"கிடைச்சுதுன்னு எழுதாத. எடுத்து வச்சிருந்தோம்னு எழுது."

"அம்மா, நீ எடுக்கலையே."

"அது கெடந்த வீட்லதான் நானும் இருந்தேன். எழுது."

ஊசி எழுதினாள். ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்க ஏழெட்டு வழிகள் அவளுக்குத் தெரியும். எதுவும் சரியாக வரவில்லை. எல்லாவற்றையும் அழித்தாள். நாற்காலி சத்தம் இருக்கிறது. பாலம் வரை கேட்டோம், அதற்கு மேல் கேட்கவில்லை. வட்டு தொலையவில்லை, நாங்கள்தான் எடுத்து வைத்திருந்தோம். மூன்று வரி. அனுப்பினாள்.

தெருவில் சைக்கிளில் போன ஒருவர் வேனை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஃபோன் அதிர்ந்தது.

ஊசி படித்தாள். மறுபடி படித்தாள்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"எடுத்தவர் இப்ப உங்க பக்கத்துல இருக்காரான்னு கேக்கறார்." அடுத்த வரிக்குப் போனாள். "இருந்தா, அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணுமாம். கூப்பிடலாமான்னு கேக்கறார்."

அம்மா தலையசைத்தாள். ஊசி 'கூப்பிடலாம்' என்று பதில் தட்டிவிட்டு ஃபோனை அப்பாவின் பக்கம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை. அவருடைய விரல் இன்னும் அந்தப் பொத்தான் மேலேயே இருந்தது.

ஃபோன் அடிக்கத் தொடங்கியது.